கோபன்ஹேகனிலிருந்து பார்சிலோனாவுக்குக் குடும்பத்தோடு தொடருந்தில்: எங்கே மாறுவது, எங்கே தங்குவது?

வடகடலோன் (கோபன்ஹேகன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜூலை மாதம் கோபன்ஹேகனிலிருந்து பார்சிலோனாவுக்குத் தொடருந்திலேயே சென்று, இரண்டு கிழமைகள் கழித்துத் தொடருந்திலேயே திரும்ப நினைக்கிறோம். நானும் மனைவியும், 5 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகளும், யாழ்ப்பாணத்திலிருந்து வருகையாளர் விசாவில் எங்களிடம் வந்திருக்கும் 71 வயது அம்மாவுமாக ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதரையில் நன்றாக நடப்பார். படிக்கட்டு என்றால் நின்று நின்றுதான் ஏறுவார். விமானத்தில் போகலாமே என்று கேட்க நினைப்பவர்களுக்கு: வந்த இடத்தில் நாடுகளைத் தரையிலிருந்து பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம், அதில் எங்களுக்கும் சம்மதம்.

இணையத்தில் தேடினால் காலையில் புறப்பட்டு நள்ளிரவுக்குச் சற்று முன் பாரிஸ் சேரும்படி ஒரு வழி கிடைக்கிறது. அதில் மூன்று மாற்றங்கள். ஹம்பேர்க்கில் மாறுவதற்கு ஒன்பதே நிமிடம். வேறொரு தளம் வேறு வழியையும் வேறு விலையையும் காட்டுகிறது. எந்தத் தளமும் பார்சிலோனா வரைக்கும் ஒரே பயணச்சீட்டைத் தருவதாகத் தெரியவில்லை. பல நாட்டு வண்டிகளில் குறித்த சில நாட்கள் பயணிக்க உதவும் இன்டர்ரெயில் அனுமதிச்சீட்டு இந்தப் பயணத்துக்கு இலாபமா, இரவு வண்டி உதவுமா, எங்கே தங்குவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


கோவைக்காரன் (மியூனிக்) எழுதியது:

வணக்கம். என் யோசனை எளிமையானது. ஹாம்பர்க்கிலிருந்து சூரிச்சுக்கு நைட்ஜெட் இரவு ரயில் இருக்கிறது. மாலைக்குள் ஹாம்பர்க் வந்து அதில் ஏறிவிட்டால், படுத்துக்கொண்டே ஜெர்மனி முழுவதையும் கடந்துவிடலாம். ஒரு படுக்கை அறையைக் குடும்பத்துக்கென்றே முழுதாக எடுத்துக்கொள்ளலாம். காலையில் சூரிச்சிலிருந்து ஜெனீவா, அங்கிருந்து லியோன், பிற்பகலில் லியோனிலிருந்து பார்சிலோனா. ஹோட்டல் செலவே இல்லாமல் இரண்டாம் நாள் இரவு ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். இன்டர்ரெயில் பாஸ் வைத்திருந்தால், நள்ளிரவுக்கு முன் ஏறி வழியில் மாறாமல் போகும் இரவு ரயிலுக்குப் புறப்பட்ட நாள் மட்டுமே பயண நாளாகக் கணக்கில் வரும்.


தண்டவாளம் (சூரிச்) எழுதியது:

கோவைக்காரன் சொன்ன வழியில் நானும் போயிருக்கிறேன், தனியாளாக. அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவதற்கு அது ஏற்றதல்ல என்பது என் கருத்து. அதைச் சொல்வதற்கு முன், வடகடலோனின் அடிப்படைக் கேள்விக்கு வருகிறேன்.

தேடுதளங்கள் மொத்த நேரத்தைக் குறைக்கவே பார்க்கின்றன. ஒன்பது நிமிட மாற்றம் அவற்றுக்கு ஒரு சாதனை. நீங்கள் பார்க்க வேண்டியவை வேறு. உங்கள் பயணச்சீட்டு எதுவரை ஒரே ஒப்பந்தம்? வழியிலுள்ள வண்டிகளில் எது நாளுக்கு ஒன்றே ஒன்று ஓடுகிறது? எந்த நிலையத்தில் அம்மா படி ஏறாமல் மாறலாம்? இவற்றுக்கு விடை கண்டுவிட்டால் பாதை தானாகவே வரைந்துகொள்ளும்.

முதலாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் விலையைப் பார்த்துவிட்டு இதைப் பார்ப்பதில்லை. 2023 ஜூன் 7 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 ஆம் இலக்க ஒழுங்குவிதியின்படி, ஒரு தொடருந்து நிறுவனத்திடம் ஒரே கொடுக்கல் வாங்கலில் வாங்கிய பயணச்சீட்டுகள் ஒரே பயணமாகக் கொள்ளப்படும். தாமதத்தால் இணைப்பு வண்டியைத் தவறவிட்டால், உங்களை இறுதி இடத்துக்குக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு உண்டு. இறுதி இடத்தை 60 நிமிடம் முதல் 119 நிமிடம் வரை பிந்திச் சேர்ந்தால் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தினால் 50 சதவீதமும் இழப்பீடு. இரவு தங்க நேர்ந்தால் விடுதியும் அவர்கள் பொறுப்பு. ஆனால் இவை தனித்தனி ஒப்பந்தங்கள் என்று சீட்டிலேயே குறிப்பிட்டு, வாங்குவதற்கு முன்னரும் உங்களுக்கு அறிவித்திருந்தால் அந்தப் பொறுப்பு இல்லை. பல நாட்டு வண்டிகளை ஒரே கூடையில் போட்டு விற்கும் இடைத்தரகுத் தளங்கள் பெரும்பாலும் இந்தக் குறிப்போடுதான் விற்கின்றன. ஒரே திரையில் பணம் கட்டினோம் என்பதால் ஒரே பயணம் ஆகிவிடாது. அந்தக் குறிப்பு இல்லாமல் ஒரு விற்பனைத்தளம் தானாகவே சீட்டுகளைச் சேர்த்து விற்று, உங்கள் இணைப்பு தவறினால், முழுப் பணத்தோடு அதில் 75 சதவீதத்தை இழப்பீடாகவும் தர வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. அதனால்தான் குறிப்பைப் போடுவதில் அவர்கள் மிகுந்த கவனமாக இருக்கிறார்கள்.

இதை உங்கள் பாதையில் பொருத்திப் பாருங்கள். ஜேர்மன் தொடருந்து நிறுவனமான டொய்ச்ச பான் டென்மார்க்குக்கும் பிரான்சுக்கும் போகும் சீட்டுகளை விற்கிறது. பிராங்பேர்ட்டிலிருந்து பாரிஸுக்கும் தென்பிரான்சுக்கும் போகும் அதிவேக வண்டிகள் அதுவும் பிரெஞ்சு நிறுவனமும் சேர்ந்து நடத்துபவை. ஆகவே கோபன்ஹேகனிலிருந்து பிரான்சுக்குள் ஒரு நகரம் வரைக்கும் ஒரே ஒப்பந்தம் கிடைக்க வாய்ப்பு உண்டு. அங்கிருந்து பார்சிலோனாவுக்குப் பிரெஞ்சு எஸ்.என்.சி.எஃப். வண்டியோ ஸ்பானிய ரென்ஃபே வண்டியோ தனி ஒப்பந்தம். ஒப்பந்தம் முறியும் அந்த நகரத்தில் ஓர் இரவைப் போட்டுவிடுங்கள். முதல் ஒப்பந்தத்தின் வண்டி மூன்று மணிநேரம் பிந்தினாலும் உங்களுக்கு இரவுணவு பிந்துமே தவிர, அடுத்த நாள் பயணம் கெடாது.

கோவைக்காரனின் வழியில் இந்த ஒப்பந்தம் சூரிச்சில் முறிகிறது, லியோனில் மறுபடியும் முறிகிறது, இரண்டும் ஒரே நாளில், நடுவே ஓர் இரவு இல்லாமல். லியோன்–பார்சிலோனா வண்டி நாளுக்கு ஒன்று என்ற அளவில்தான் ஓடுகிறது. ஹம்பேர்க்கிலிருந்து வரும் இரவு வண்டி ஒன்றரை மணிநேரம் பிந்தினால் அன்றைய பார்சிலோனா போயிற்று.


நிலாமுற்றம் (பாரிஸ்) எழுதியது:

தண்டவாளம் அண்ணா சொன்ன அந்த இரவைப் பாரிஸில் போடுவதா லியோனில் போடுவதா என்பதுதான் இனிக் கேள்வி. பாரிஸில் வசிப்பவள் என்ற முறையில் இரண்டையும் சொல்கிறேன்.

பிராங்பேர்ட்டிலிருந்து பாரிஸ் நான்கு மணிநேரம் அளவில். வந்து இறங்குவது கார் து லெஸ்ட் நிலையம். பார்சிலோனா வண்டி புறப்படுவது கார் து லியோன் நிலையம். இடையில் நகரத்தைக் கடக்க வேண்டும். மெட்ரோவில் போனால் படிக்கட்டுகள் அதிகம். பாரிஸ் மெட்ரோவின் பழைய தடங்களில் மின்தூக்கியை எதிர்பார்க்க முடியாது. வாடகைக் கார் பிடித்து, அன்றிரவே கார் து லியோனுக்குப் பக்கத்து விடுதிக்குப் போய்விடுவதுதான் உங்களுக்குச் சரி. கார் து லெஸ்டுக்கும் கார் து நோருக்கும் நடை தூரம்தான், கார் து நோரின் பின்புறம் தமிழ்க் கடைகள் நிறைந்த எங்கள் லாச்சப்பல்; அங்கே இடியப்பமும் சொதியும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று அம்மா நிச்சயம் விரும்புவார். அடுத்த நாள் காலை ஏறினால் வலான்ஸ், நீம், மோன்பெலியே, பெர்பினியான் வழியாக ஏழு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பார்சிலோனா சான்ட்ஸ். வண்டி மாறத் தேவையில்லை.

லியோன் வழியில் பாரிஸே இல்லை. பிராங்பேர்ட்டிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க், முலூஸ், லியோன், அவிஞ்யோன் வழியாக மார்செய்க்கு ஒரு நேரடி வண்டி 2012 முதல் ஓடுகிறது. வழக்கமாகப் பிற்பகல் இரண்டு மணியளவில் புறப்பட்டு இரவு எட்டு மணியளவில் லியோன் பார் தியூ நிலையத்தைத் தொடும். அந்த நிலையத்தைச் சுற்றியே விடுதிகள் இருக்கின்றன. அடுத்த நாள் அதே நிலையத்திலிருந்து ரென்ஃபே வண்டி. ஐந்து மணிநேரம் அளவில் பார்சிலோனா. நகரம் கடக்கவேண்டியதில்லை, வாடகைக் கார் வேண்டாம். ஆனால் நாளுக்கு ஒரே வண்டி.

அம்மாவின் காலை வைத்துப் பார்த்தால் நான் லியோன் பக்கம். அவர் ஐஃபெல் கோபுரத்தைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்றால், பாரிஸில் ஒன்றுக்கு இரண்டு இரவாகத் தங்குங்கள். ஓர் இரவில் பாரிஸைக் காட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.


வடகடலோன் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒப்பந்தம் முறியும் இடத்தில் தங்குவது என்ற கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. லியோன் வழி எங்களுக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு சந்தேகங்கள். இன்டர்ரெயில் பற்றி யாரும் முடிவாகச் சொல்லவில்லை. அம்மா இலங்கைக் கடவுச்சீட்டில் வந்தவர் என்பதால் அவருக்கு அது பொருந்துமா? இரண்டாவது, ஹம்பேர்க்கிலிருந்து பிராங்பேர்ட் வரையுள்ள ஜேர்மன் பகுதியை எவ்வளவு நம்பலாம்?


கொலோன்வாசி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை: நம்பாதீர்கள், ஆனால் பயப்படவும் வேண்டாம். டொய்ச்ச பான் நிறுவனத்தின் நெடுந்தூர வண்டிகளில் 2024 ஆம் ஆண்டு சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம் மட்டுமே. ஆறு நிமிடத்துக்குக் குறைவாகப் பிந்துவதை அவர்கள் தாமதமாகவே எண்ணுவதில்லை. ரத்தாகும் வண்டிகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. இதற்கு மேல், பழைய தடங்களைப் புதுப்பிப்பதற்காக ஒரு முழுத் தடத்தையே மாதக்கணக்கில் மூடிவிடுகிறார்கள். 2024 இல் பிராங்பேர்ட்–மன்ஹைம் தடம் ஜூலை நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை மூடியிருந்தது. 2025 ஓகஸ்டில் ஹம்பேர்க்–பெர்லின் தடத்தை மூடினார்கள். இந்தத் திட்டம் அடுத்த பத்தாண்டுக்குள்ளும் நீள்கிறது. நீங்கள் போகும் மாதத்தில் எந்தத் தடம் மூடியிருக்கிறது என்று பார்க்காமல் சீட்டு வாங்காதீர்கள்.

ஆனால் ஹம்பேர்க்–பிராங்பேர்ட் வண்டிகள் மணிக்கொன்றாக வருபவை. ஒன்று தவறினால் அடுத்தது. நிமிடக் கணக்கைப் பார்த்து ஒரு மாற்றம் பாதுகாப்பானதா என்று முடிவு செய்யக்கூடாது; தவறவிட்டால் அடுத்த வண்டி எப்போது என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் பாதையில் பிராங்பேர்ட்–லியோன் வண்டிதான் அரியது. அதற்கு முன்னால் இரண்டு மணிநேரத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள்; அப்படியானால் முதல் நாள் இரவை ஹம்பேர்க்கில் போட வேண்டி வரும். பிராங்பேர்ட் மத்திய நிலையம் முனைய நிலையம்; நெடுந்தூர வண்டிகள் நிற்கும் மேடைகள் எல்லாம் ஒரே தளத்தில், முன்கூடத்திலிருந்து நேராக நடந்து போகும்படி இருக்கின்றன. அம்மா ஒரு படிகூட ஏறவேண்டியதில்லை. கார்ல்ஸ்ரூவில் மாறச் சொல்லும் வழி சில நேரம் வேகமாகத் தெரியும். அங்கே சுரங்கப் பாதையால் இறங்கி ஏற வேண்டும். பிராங்பேர்ட்டையே எடுங்கள்.

அப்படியும் லியோன் வண்டி தவறினால் கலங்க வேண்டாம். ஒரே ஒப்பந்தத்தில் வாங்கியிருந்தால் சேவை மையத்துக்குப் போய் மாற்று வழி கேளுங்கள். ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து லியோனுக்கு வேறு அதிவேக வண்டிகள் உள்ளன. நூறு நிமிடத்துக்குள் அவர்கள் மாற்று வழி எதையும் சொல்லாவிட்டால், நீங்களே வேறு பொதுப் போக்குவரத்தில் சீட்டு வாங்கி, நியாயமான செலவைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அந்த ஒழுங்குவிதியில் இருக்கிறது.

குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லுபடியாகும் மலிவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: இறுதி இடத்தை 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்திச் சேர நேரும் என்று தெரிந்தால் அந்தக் கட்டுப்பாடு நீங்கிவிடும், ஜேர்மனிக்குள் வேறு வண்டியில் ஏறலாம்.


தண்டவாளம் எழுதியது:

இன்டர்ரெயில் பற்றி. கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பது அங்கே கேள்வியல்ல, வசிப்பிடம் எது என்பதே கேள்வி. டென்மார்க்கில் வசிக்கும் உங்களுக்கு இன்டர்ரெயில். யாழ்ப்பாணத்தில் வசிக்கும் அம்மாவுக்கு, ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்போருக்கான யூரெயில். இரண்டும் ஏறத்தாழ ஒரே வலையமைப்பில் செல்லும். 4 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, பெரியவர் ஒருவருக்கு இருவர் வரை, சீட்டு இலவசம். அம்மாவுக்கு 60 வயதைக் கடந்தோருக்கான 10 சதவீதக் கழிவு உண்டு. நீங்கள் வசிக்கும் நாடான டென்மார்க்குக்குள் வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள் என்ற வரையறை இருக்கிறது. உங்கள் திட்டத்துக்கு அது தடையல்ல.

பிள்ளைகளின் இலவசச் சீட்டைப் பார்த்ததும் இலாபம்போலத் தோன்றும். ஆனால் அனுமதிச்சீட்டு உங்களுக்கு முழுச் சுதந்திரம் தருவது ஜேர்மனியில் மட்டும்தான். அங்கே ஐசிஇ எனும் அதிவேக வண்டிகளில் முன்பதிவு கட்டாயமில்லை. உங்கள் பாதையின் கடினமான பாதி பிரான்சிலும் ஸ்பெயினிலும் இருக்கிறது. அங்கே ஒவ்வொருவருக்கும், பிள்ளைகள் உட்பட, ஆசன முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அனுமதிச்சீட்டு வைத்திருப்போருக்கு ஒதுக்கும் ஆசனங்களும் குறைவு. ஜூலை மாதத்தில் அவை சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே மாதங்களுக்கு முன்பே திட்டமிடும் உங்களுக்கு, முன்கூட்டி வாங்கும் சாதாரண மலிவுச்சீட்டே பொருத்தம். நாளைக்கு எந்த ஊர் என்று காலையில் முடிவு செய்யும் பயணிகளுக்கே அனுமதிச்சீட்டு பயன்படும்.


கோவைக்காரன் எழுதியது:

மன்னிக்க வேண்டும், நான் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். மூன்று நாள், இரண்டு ஹோட்டல் இரவுகள், ஐந்து பேர். இதை எளிதான பயணம் என்று சொல்கிறோமா? இரவு ரயிலில் கீழ்ப்படுக்கையை அம்மாவுக்குக் கேட்டு வாங்கினால் ஏணி ஏறும் பிரச்சினை இல்லை. பிள்ளைகளுக்கு அது பயணத்தின் சிறந்த பகுதியாகவே இருக்கும். தாமதத்துக்குப் பயந்து எல்லா இடத்திலும் தங்கிக்கொண்டே போனால், ரயில் பயணம் யாருக்குப் பிடிக்கும்? இந்திய ரயில்வே 2019 ஏப்ரல் முதல் இரண்டு ரயில்களின் பிஎன்ஆர் எனும் முன்பதிவு எண்களை இணைத்துக்கொள்ள வழி செய்திருக்கிறது. முதல் ரயில் பிந்தி இரண்டாவது தவறினால் அதன் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். இத்தனை நாடுகளும் இத்தனை நிறுவனங்களும் சேர்ந்து இங்கே அதைச் செய்ய முடியவில்லை என்பதற்காகப் பயணிதான் இரவுகளைத் தியாகம் செய்ய வேண்டுமா?


தண்டவாளம் எழுதியது:

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் உர்சுலா ஃபொன் டெர் லையன் 2024 ஜூலையில் வெளியிட்ட தம் கொள்கை வழிகாட்டலில், பல நிறுவனங்களின் வண்டிகளை ஒரே தளத்தில் ஒரே சீட்டாக வாங்கவும் பயணம் முழுவதற்கும் உரிமை பெறவும் வழிசெய்யும் சட்டம் கொண்டு வருவதாக வாக்களித்தார். வரட்டும். வடகடலோன் தம் திட்டத்தை இன்றுள்ள விதிகளை வைத்துத்தான் போட முடியும்.

இரவு வண்டி சிறந்ததே. எங்கே அதை வைக்கிறோம் என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. அதற்குப் பிறகு வரும் நாள் வெறுமையாக இருக்க வேண்டும். ஹம்பேர்க்கிலிருந்து சூரிச் வந்து, எங்கள் ஊரில் ஒரு பகலும் ஓர் இரவும் தங்கி, அடுத்த நாள் ஜெனீவா வழியாக லியோன் போகலாம் என்றால் நானே அதைப் பரிந்துரைப்பேன். சூரிச்–ஜெனீவா வண்டிகள் அடிக்கடி ஓடுபவை, ஜெனீவா–லியோன் இரண்டு மணிநேரம். ஆனால் அப்போது மொத்தம் குறைவதில்லை, கூடுகிறது. நீங்கள் சொன்ன வடிவத்தில் இரவு வண்டி மிச்சப்படுத்துவது ஒரு விடுதி அறையின் விலையை. பணயம் வைப்பது ஐந்து பேரின் ஸ்பானியச் சீட்டுகளை.

சீட்டு வாங்கும் ஒழுங்கு பற்றியும் ஒரு சொல். எல்லா நிறுவனங்களும் ஒரே நாளில் விற்பனையைத் திறப்பதில்லை. டொய்ச்ச பான் பல மாதங்களுக்கு முன்பே திறக்கிறது, எஸ்.என்.சி.எஃப். பருவம் பருவமாகத் திறக்கிறது. ரென்ஃபே திறக்கும் நாளை முன்கூட்டிச் சொல்வது கடினம். பயணத்தின் முதல் பகுதி மலிவாகக் கிடைக்கிறது என்று மாற்ற முடியாத சீட்டை வாங்கிவிட்டு, கடைசிப் பகுதி வேறு நாளில்தான் கிடைக்கிறது என்று அறிவது மிகப் பொதுவான சிக்கல். லியோன்–பார்சிலோனா விற்பனைக்கு வரும்வரை பொறுத்திருங்கள், அல்லது ஜேர்மன் பகுதியை ரத்துச் செய்யக்கூடிய கட்டணத்தில் வாங்கி வையுங்கள். அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் நடுப்பகுதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாறும். அதற்கு முன் பார்த்த நேரங்களை நம்பி ஜூலைக்குத் திட்டம் போட வேண்டாம்.

டொய்ச்ச பான் தளத்தில் தேடும்போது இடைநிறுத்த ஊரையும் அங்கே தங்கும் நேரத்தையும் குறிக்க வசதி உண்டு. புறப்படும் இடம் கோபன்ஹேகன், சேருமிடம் லியோன், நடுவே ஹம்பேர்க்கில் 15 மணிநேரம் என்று கொடுத்துப் பாருங்கள். அதற்கு ஒரே விலை காட்டினால், இரவு தங்குவதோடு சேர்த்து முழுவதும் ஒரே ஒப்பந்தத்தில் வந்துவிடும்.


மட்டுறுத்துநர்:

விமானம் மேலா, தொடருந்து மேலா என்று மூன்று பதிவுகள் வந்திருந்தன. அவை வேறு இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே பாதைத் திட்டம் மட்டும் தொடரட்டும்.


வெண்பனி (ஒஸ்லோ) எழுதியது:

ஆவணங்கள் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். டென்மார்க், ஜேர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் நான்கும் ஷெங்கன் வலயத்துக்குள் இருப்பவை. அம்மாவின் டென்மார்க் விசா செல்லுபடியாகும் நாட்களுக்குள் அவற்றுள் பயணம் செய்யலாம். திரும்பி வரும் நாள் விசாவின் கடைசி நாளுக்கு மிக அருகில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி ரத்தானால் ஒரு நாள் கூடலாம் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். விசாவுக்காக எடுத்த மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கும் ஷெங்கன் முழுவதற்கும் செல்லுபடியாவது. அதன் அச்சுப் பிரதியைக் கையோடு வைத்திருங்கள்.

உள் எல்லை என்றால் சோதனையே இல்லை என்று எண்ண வேண்டாம். ஜேர்மனி 2024 செப்டெம்பர் 16 முதல் தன் தரை எல்லைகள் அனைத்திலும் சோதனை நடத்தத் தொடங்கியது. டென்மார்க்கிலிருந்து வரும் வண்டியில் பட்போர்க், பிளென்ஸ்பூர்க் பகுதியில் பொலிஸார் ஏறி ஆவணம் கேட்பது வழக்கமானது. கடவுச்சீட்டுகளும் உங்கள் வதிவிட அட்டைகளும் பெரிய பெட்டியின் அடியில் இருக்கக்கூடாது.

முன்பெல்லாம் கோபன்ஹேகன்–ஹம்பேர்க் வண்டி டென்மார்க்கின் ரொட்பித் துறைமுகத்தில் கப்பலுக்குள்ளேயே ஏறிக் கடலைக் கடக்கும். 2019 டிசம்பரோடு அது நின்றுவிட்டது. இப்போது ஓடென்சே வழியாகச் சுற்றிப் போகிறது. பிள்ளைகளுக்குக் கப்பல் உண்டு என்று சொல்லி வைக்காதீர்கள்!


வடகடலோன் எழுதியது:

எல்லாவற்றையும் வைத்துப் போட்ட திட்டம் இது. முதல் நாள் காலை கோபன்ஹேகனில் புறப்பட்டு, ஏறத்தாழ ஐந்து மணிநேரத்தில் ஹம்பேர்க். அன்றிரவு நிலையத்துக்கு அருகே தங்கல். இரண்டாம் நாள் ஏழு மணிக்கு முன்பே ஐசிஇ ஏறிப் பதினொரு மணியளவில் பிராங்பேர்ட், மதிய உணவும் ஓய்வும், பிற்பகல் மார்செய் வண்டியில் லியோன், அங்கே தங்கல். மூன்றாம் நாள் பகல் ரென்ஃபேயில் பார்சிலோனா. அனுமதிச்சீட்டு எடுக்கவில்லை. டொய்ச்ச பான் தளத்தில் ஹம்பேர்க் இடைநிறுத்தத்தோடு லியோன் வரை ஒரே விலை சில நாட்களுக்குக் காட்டுகிறது. ரென்ஃபே விற்பனை திறந்ததும் இரண்டையும் ஒரே மாலையில் வாங்கிவிடலாம் என்றிருக்கிறேன்.

அம்மாவுக்கு நிலையங்களில் உதவி கேட்பது எப்படி, திரும்பும் பயணத்தை அப்படியே தலைகீழாக்கிவிட்டால் போதுமா என்ற இரண்டு மட்டும் மீதம்.


நிலாமுற்றம் எழுதியது:

உதவி கேட்பது உரிமை. அதே ஒழுங்குவிதியின்படி 24 மணிநேரத்துக்கு முன் அறிவித்தால் நிலையத்தில் ஏற்றி இறக்க ஆள் வருவார், கட்டணம் கிடையாது. சக்கர நாற்காலி தேவையில்லை, படி ஏறத்தான் சிரமம் என்று தெளிவாக எழுதுங்கள்; அதற்கேற்ப மின்தூக்கி வழியாக அழைத்துப் போவார்கள். ஒரே ஒப்பந்தத்தில் போகும் பகுதிக்கு டொய்ச்ச பானிடமும் பார்சிலோனா பகுதிக்கு ரென்ஃபேயிடமும் தனித்தனியாக அறிவிப்பது பாதுகாப்பு.

பிராங்பேர்ட்டிலிருந்து வரும் பிரெஞ்சு வண்டி இரண்டு தட்டுள்ளது. முன்பதிவில் கீழ்த்தட்டைத் தேர்ந்தெடுங்கள். மேல்தட்டில் இடம் விழுந்தால் குறுகிய சுழல் படியில் பெட்டிகளோடு ஏற வேண்டி வரும். பயணப் பெட்டிகளுக்கும் இப்போது அளவு உண்டு: பிரான்சுக்குள் ஓடும் டிஜிவி இனுயி எனும் அதிவேக வண்டிகளில் ஒருவருக்கு 70, 90, 50 சென்ரிமீற்றருக்குள் இரண்டு பெரிய பெட்டிகளும் ஒரு கைப்பையும் என்று 2024 செப்டெம்பரில் வரையறுத்தார்கள். உங்களுக்கு அது தாராளம். ஐந்து பேருக்கு மூன்று பெட்டிகளோடு நிறுத்திக்கொண்டால் அம்மாவின் கையைப் பிடிக்க ஒருவருக்குக் கை மிச்சமிருக்கும்.

பிரான்சில் வேலைநிறுத்தம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: முன்னறிவித்தல் இல்லாமல் வருவதில்லை, எந்த வண்டி ஓடும் என்ற பட்டியல் முந்திய நாள் மாலை ஐந்து மணியளவில் வந்துவிடும். தொடருந்து ஊழியரின் வேலைநிறுத்தத்தைக் காரணம் காட்டி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் முடியாது. ஸ்பெயினில் திரும்பி ஏறும்போது சான்ட்ஸ் நிலையத்தில் பெட்டிகளைக் கதிர்ச் சோதனைக்குள் அனுப்புவார்கள். அரை மணிநேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். கடைசி நிமிடத்தில் ஓடி ஏறும் வழக்கம் அங்கே செல்லாது.


கொலோன்வாசி எழுதியது:

திரும்பும் பயணத்தை அப்படியே தலைகீழாக்க முடியாது என்று நினைக்கிறேன். பார்சிலோனாவிலிருந்து லியோனுக்கு வரும் வண்டி வழக்கமாகக் காலையில் புறப்பட்டுப் பிற்பகலின் தொடக்கத்தில் லியோன் சேரும். மார்செய்–பிராங்பேர்ட் வண்டியோ லியோனைக் காலை பத்து மணியளவில் கடந்து போகும். ஆகவே லியோனில் உங்களுக்கு ஓர் அரை நாள் சும்மா கிடைக்கும். பழைய நகரத்துக்குப் போய் வர அது போதும். அடுத்த நாள் பிற்பகல் நான்கு மணியளவில் பிராங்பேர்ட். இந்த முறை அரிய வண்டி முதலில் வந்துவிடுகிறது, அதற்குப் பின் மணிக்கொன்றாக ஓடும் வண்டிகள்தான். எனவே பிராங்பேர்ட்டில் இரண்டு மணிநேரம் காத்திருக்க வேண்டாம். முக்கால் மணிநேரம் போதும், தவறினால் அடுத்ததில் ஏறலாம். இரவு ஒன்பது மணிக்கு முன் ஹம்பேர்க் வந்து தங்கி, காலையில் கோபன்ஹேகன் வண்டி.

ஒரு திருத்தம் மட்டும்: அந்தக் கோபன்ஹேகன் வண்டிக்கு, போகும்போதும் வரும்போதும், கோடை மாதங்களில் ஆசன முன்பதிவு கட்டாயம் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். ஐந்து ஆசனங்களும் ஒரே மேசையைச் சுற்றி அமையாது. நான்கை மேசையிலும் ஒன்றை நடைபாதைக்கு மறுபக்கமும் எடுத்தால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போகலாம். ஹம்பேர்க் மத்திய நிலையத்தில் மேடைகள் கீழே இருக்கின்றன, கூட்டமும் அதிகம். விடுதியிலிருந்து இருபது நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு, மின்தூக்கி எந்தப் பக்கம் என்று முந்திய நாள் மாலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.